நெடுங்கழியர்: வாவிக்கரையில் ஒரு போர்க்குலம்

நெடுங்கழியர் என்னும் பெயரில் எந்த மக்களும் எந்தக் காலத்திலும் வாழ்ந்ததில்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் பாத்திரமேற்பு விளையாட்டுக்காக, இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள மட்டக்களப்பு வாவியை முன்னால் வைத்துக்கொண்டு நான் உருவாக்கிய கற்பனைப் போர்க்குலம் அது. கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ தமிழிலேயே இந்த விளையாட்டை ஆட விரும்புகிறவர்களுக்கு இக்குலத்தின் பின்னணியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவர்களைப் பற்றி நான் எழுதிய முதல் பக்கத்தில் ஆயுதமும் இல்லை, போர்முறையும் இல்லை. இவர்களின் போரை நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கான விடைதான் அதில் இருந்தது. மற்ற எல்லாம் அந்த விடையிலிருந்தே பிறந்தன.

இந்த வகை விளையாட்டு அச்சில் வெளிவந்தது 1974ஆம் ஆண்டில். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதன் முதல் வடிவம். போர்ப்பொம்மைகளை வைத்து ஆடிய விளையாட்டிலிருந்தே அது வளர்ந்தது என்பதால், சண்டைக்கான விதிகள் தொடக்கத்திலிருந்தே அதன் உடலில் ஊறியிருந்தன. ஒரு பாத்திரம் எந்தக் குலத்தில் பிறந்ததோ அந்தக் குலத்துக்கென்று வலிமை, அறிவு, கவர்ச்சி முதலிய எண்கள் கூட்டப்பட்டன, குறைக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், மனிதரும் ஓர்க் என்னும் கற்பனை உயிரும் கலந்த அரை ஓர்க் குலத்தவர் ஒருவருக்கு வலிமையில் இரண்டு கூடும்; அதற்கு ஈடாக அறிவில் இரண்டும் கவர்ச்சியில் இரண்டும் குறையும். சண்டையிடப் பிறந்தவன் சிந்திக்கப் பிறக்கவில்லை என்ற எண்ணம் அங்கே கணக்காகவே எழுதப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த வழக்கத்தைக் கைவிட்டு, இத்தகைய கூட்டல்களைப் பாத்திரத்தின் வாழ்க்கைப் பின்னணிக்கு மாற்றிவிட்டது. அது சரியான மாற்றம் என்பதே என் கருத்து.

தமிழ் வாசகர் இதைச் சரியென்று கொள்வதற்கு வரலாற்றில் தனியான காரணம் உண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, பிரித்தானிய இந்தியப் படை தன் ஆட்சேர்ப்பைப் போர்க்குலக் கொள்கை என்ற ஒன்றின்மேல் அமைத்தது. சில மக்கள் பிறப்பிலேயே வீரர்கள், வேறு சிலர் பிறப்பிலேயே போருக்கு உதவாதவர்கள் என்பதே அக்கொள்கை. பஞ்சாபியரும் கூர்க்கரும் பட்டாணியரும் முதல் வகையில் வைக்கப்பட்டனர். அதற்கு முன்னர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பல போர்களை வென்று கொடுத்திருந்த சென்னை மாகாணப் படையின் தமிழரும் தெலுங்கரும் இரண்டாம் வகைக்குத் தள்ளப்பட்டனர். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் இக்கொள்கையை உறுதியாக ஆதரித்தவர். ஆகவே, வீரம் இரத்தத்தில் ஓடுகிறது என்று ஒரு குலத்தைப் பற்றி எழுதும்போது, நம்மையும் நம் அயலாரையும் தரம் பிரித்த அதே அளவுகோலைத்தான் நாம் கையில் எடுக்கிறோம். நெடுங்கழியருக்கு நான் வலிமை எண் எதையும் கூட்டவில்லை. அவர்கள் போர் செய்வதற்குக் காரணம் அவர்கள் வாழும் நீர்.

போர்க்குலம் என்று சொன்னவுடன் பலரும் பண்டைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவை நினைக்கிறார்கள். ஸ்பார்ட்டாவின் ஆண்கள் வாழ்நாள் முழுவதும் படைப்பயிற்சி பெற முடிந்ததற்குக் காரணம், ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமை உழவர்கள் அவர்களுக்காகப் பயிர் செய்ததுதான். அந்த ஹெலட்டுகள் எழுந்துவிடுவார்களோ என்ற அச்சமே ஸ்பார்ட்டாவைப் பெரும்பாலான காலம் வீட்டோடு கட்டிப்போட்டது. கி.மு. 479இல் பிளாட்டியா போருக்கு 5000 ஸ்பார்ட்டக் குடிமக்கள் சென்றதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதுகிறார், கி.மு. 371இல் லியூக்திரா களத்தில் இருந்தவர்கள் 700 பேர்தான், அவர்களில் 400 பேர் அன்றே மடிந்தனர். சண்டையை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒரு குலம் தன்னைத்தானே தின்று தீர்ப்பதை அந்த எண்களில் காணலாம். கற்பனை உலகத்தில் இப்படி ஒரு குலத்தைப் படைப்பவர்கள் பெரும்பாலும் உழவனை எழுத மறந்துவிடுகிறார்கள். ஆடுபவரும் எங்கிருந்து சோறு வருகிறது என்று கேட்பதில்லை. நெடுங்கழியர் தாங்களே உழுகிறார்கள், தாங்களே மீன்பிடிக்கிறார்கள். அதனால் அவர்களின் போருக்குப் பருவம் உண்டு, முடிவும் உண்டு.

இனி நிலத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் உடையது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான கரை எழுவான்கரை; வாவிக்கு மேற்கே வயல்களும் குளங்களும் காடுமாகப் பரந்து கிடப்பது படுவான்கரை. வேனிலில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும். வாடைக்காற்றோடு மாரிமழை தொடங்கி ஆறுகளெல்லாம் வாவிக்குள் இறங்கும்போது நீர்மட்டம் ஏறும். அந்த நீர் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும், அல்லது ஆட்களே மேட்டை வெட்டி விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பது இங்கே இன்றும் மாரிதோறும் எழும் கேள்வி. வெட்டத் தாமதித்தால் படுவான்கரையின் தாழ்ந்த வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், நெற்பயிர் நீருக்குள் அழுகும்.

இந்த ஒரு கேள்வியைத்தான் நான் பெருக்கிக் கற்பனை உலகத்துக்குள் கொண்டுபோனேன். நெடுங்கழி என்னும் கற்பனை வாவி இதைவிடப் பல மடங்கு நீளமானது. அதன் கிழக்கில் உதயக்கரையும் மேற்கில் அந்திக்கரையும் உள்ளன. அந்திக்கரையார் உழவர்கள், மேட்டை விரைவில் வெட்ட வேண்டும் என்பார்கள். உதயக்கரையார் வலைஞர்கள், மீனும் இறாலும் வளர்ந்து முதிரும் முன் முகத்துவாரம் திறந்தால் அந்த ஆண்டின் பிடிபாடு கடலோடு போய்விடும் என்பார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மை. எவரும் தீயவர் இல்லாமலே ஒரு போருக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. ஆடுபவர் எந்தக் கரையில் நின்றாலும் அவருக்கு நியாயம் இருக்கிறது.

இதில் நான் மிகவும் பயனுள்ளதாகக் கண்டது காலக்கணக்கு. முகத்துவாரத்தால் வரும் பகை மாரியின் நடுவில், மார்கழி அளவில் மூளும். ஆனால் அப்போது யாரும் போருக்குப் போக முடியாது. வயலில் பயிர் நிற்கிறது, வாவி பெருக்கெடுத்திருக்கிறது, ஆண்களும் பெண்களும் தங்கள் தங்கள் வேலையில் முழுவதும் ஆழ்ந்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து, களத்தில் கதிர் மிதித்து, நெல் அதைச் சேர்த்துவைக்கும் பட்டறைக்குப் போய், தென்மேற்கிலிருந்து கச்சான்காற்று வீசத் தொடங்கும் வரை படை திரளாது. ஆகவே, பகை மூளும் நாளுக்கும் போர் தொடங்கும் நாளுக்கும் இடையே மூன்று, நான்கு மாதங்கள் கிடைக்கின்றன. தூது போவதும், திருமணம் பேசுவதும், பழைய கடன்களைக் கேட்பதும், துரோகம் செய்வதும் அந்த மாதங்களில்தான். நல்ல ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. போர் தொடங்கும் அமர்வை எட்டாமலே கூட ஒரு கதை நிறைவடையலாம்.

அடுத்தது குடி, அதாவது ஒரே மரபுவழியில் வந்தவர்களின் பிரிவு. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் குடி தாய்வழியாக வருவது இங்குள்ளோர் அறிந்த செய்தி. பிள்ளை தாயின் குடியைச் சேர்கிறது. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே வாழவைப்பது வழக்கம். தமிழரிடையே மட்டுமன்றிக் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிகள் உண்டு. கோயில் திருவிழா உரிமைகள் குடிவாரியாகப் பங்கிடப்பட்டிருப்பதால், காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி போன்ற பெயர்கள் இன்றும் வெறும் பழங்கதையாகிவிடவில்லை. அதனாலேயே அந்தப் பெயர்களில் ஒன்றையும் நான் விளையாட்டுக்குள் எடுக்கவில்லை. உயிருள்ள உரிமையோடு பிணைந்த பெயரைப் பகடைக்குப் பணயமாக வைப்பது தகாது. எடுத்துக்கொண்டது அமைப்பை மட்டுமே. நெடுங்கழியருக்கு ஆலாக் குடி, முதலைக் குடி, கண்டற் குடி, தில்லைக் குடி, சங்கக் குடி என ஐந்து குடிகளை வைத்தேன். அவை இரு கரைகளிலும் பரவியிருக்கின்றன.

தாய்வழிக் குடியைப் போர்க்குலத்துக்குக் கொடுத்தவுடன் என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். ஓர் ஆண் தன் தாய்மாமனிடம் ஆயுதம் பெறுகிறான், அவனுடைய குடிக்காகவே போரிடுகிறான். ஆனால் அவன் உறங்குவது மனைவியின் வீட்டில். அவன் பெற்ற மகன் மனைவியின் குடியைச் சேர்ந்தவன். அந்த மகனுக்கு ஈட்டி கொடுப்பவன் மனைவியின் உடன்பிறந்தான். ஆலாக் குடிக்கும் தில்லைக் குடிக்கும் பகை மூண்டால், தந்தையும் மகனும் எதிரெதிரே நிற்க நேரலாம். உடன்பிறந்த ஆண்கள் நால்வர் மணமாகி நான்கு வீடுகளுக்குப் பிரிந்துவிடுவதால், திடீரென்று சினம் கொண்டு ஒரு கும்பலாகத் திரள்வதும் கடினம். தாய்வழியும் மனைவியின் வீட்டில் வாழும் வழக்கமும் உள்ள சமூகங்களில் அயலாரோடு போர் இருந்தாலும் உள்ளூர்ப் பகை கட்டுக்குள் நிற்கிறது என்று மானிடவியலாளர் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். கேரளத்து நாயர்கள் களரி என்னும் போர்ப்பயிற்சிக்குப் பெயர்போனவர்கள், அதே வேளையில் தறவாடு எனப்படும் தாய்வழிக் கூட்டுவீடுகளில் வாழ்ந்தவர்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தாய்வழி என்றால் மென்மையான சமூகம் என்று கருதுவோருக்கு அவர்களே போதுமான மறுமொழி.

முதலில் குறிப்பிட்ட கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. நெடுங்கழியரிடையே வீடும் வயலும் தோணியும் நெற்பட்டறையும் பெண்களுக்கு உரியவை. குடியின் மூத்த பெண்ணுக்குப் பட்டறையாள் என்று பெயர். படைக்குச் செல்வோருக்கு அவளே நெல் அளந்து கொடுக்கிறாள். அவள் அளக்க மறுத்தால் படை புறப்படாது. பாதிப் போரில் பட்டறையை அடைத்தால் படை திரும்பியாக வேண்டும். இது வெறும் கற்பனையும் அன்று. வட அமெரிக்காவின் இரோகுவா மக்களிடையே சோளமும் உலர்ந்த உணவும் பெண்களின் பொறுப்பில் இருந்தன. படை செல்லக் கூடாது என்று அவர்கள் கருதியபோது அந்த உணவைத் தர மறுத்தே தடுக்க முடிந்தது. தாய்வழிக் குலத்தின் மூத்த பெண்களே தலைவர்களை நியமிக்கவும் நீக்கவும் உரிமை பெற்றிருந்தனர். ஆகவே, பெண் பாத்திரம் ஏற்பவர் வாளேந்தினால்தான் கதையில் இடம் உண்டு என்ற நிலை நெடுங்கழியில் இல்லை. வாளேந்தவும் தடையில்லை, ஆனால் பட்டறைச் சாவியை வைத்திருப்பவளே அந்த மேசையில் அதிக அதிகாரம் உடையவள்.

உடலமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெடுங்கழியருக்கு முதலைக்கு உள்ளதைப்போல ஒளி ஊடுருவும் மூன்றாம் இமை உண்டு, ஆகையால் கலங்கிய நீரிலும் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். ஆழமற்ற நீரில் அவர்களின் நடை குறைவதில்லை. மீன்குத்தும் நீண்ட ஈட்டியே அவர்களின் முதன்மை ஆயுதம். தோணியில் நின்றபடி எறிந்து, கயிற்றால் இழுத்து எடுப்பார்கள். ஆனால் ஓர் ஆயுதத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். வாவிக்கரைச் சதுப்புகளில் வளரும் தில்லை மரத்தின் பால் தோலைக் கொப்பளிக்கச் செய்யும், கண்ணில் பட்டால் பார்வையை மறைக்கும். அதன் விறகுப் புகையும் கண்ணுக்குக் கேடு. நெடுங்கழியரில் தில்லைக் குடியார் மட்டுமே அந்தப் பாலை இறக்கத் தெரிந்தவர்கள். மனிதருக்கு எதிராக அதைப் பயன்படுத்துவதில்லை என்று ஐந்து குடிகளும் சேர்ந்து விலக்கு வைத்திருக்கின்றன. விலக்கு இருப்பதால்தான் அது கதைக்குள் கனமான பொருளாகிறது. பால் நிரம்பிய ஒரு குடுவை காணாமற் போனது என்பதே ஒரு முழு அமர்வுக்குப் போதும்.

இனி, இக்குலத்தின் விதிகளில் நான் மிகவும் கருதி எழுதிய பகுதி சூடு. கிழக்கில் வைகாசி மாதத்தில் கண்ணகியம்மன் கோயில்களின் கதவு திறந்து, சடங்கு நடந்து, இறுதியில் குளிர்த்தி பாடப்படுகிறது. மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணித்துக் குளிர்விப்பதே அதன் உட்பொருள். வெம்மை தவறென்று அங்கே சொல்லப்படுவதில்லை. அவள் எரித்ததற்கு நியாயம் இருந்தது. ஆனாலும் நியாயமான வெம்மையும் குளிர்விக்கப்படாவிட்டால் ஊரைச் சுடும். இந்தச் சிந்தனையைவிட ஆழமான ஒன்றைப் போர்வீரரைப் பற்றி நான் எங்கும் கண்டதில்லை. அம்மனின் பெயரையும் சடங்கையும் விளையாட்டுக்குள் கொண்டுவராமல், வெம்மையும் குளிர்ச்சியும் என்னும் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விதி எளிது. நெடுங்கழியர் ஒருவர் மனிதரையோ மனிதரைப்போலப் பேசும் உயிரையோ கொன்றால் அவருக்குச் சூடு ஒன்று ஏறும். இருபது முகப் பகடையை உருட்டித் தாக்கும்போது, தன் சூட்டின் அளவை அந்த எண்ணோடு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பேசி இணங்கவைக்கவும், காயத்துக்கு மருந்திடவும், தோணியைச் செலுத்தவும், தடம் பார்க்கவும் உருட்டும்போது அதே அளவு கழிக்கப்படும். சூடு மூன்றானால் அவர் எந்த வீட்டின் வாசலையும் கடக்கக் கூடாது, முற்றத்திலேயே உண்டு உறங்க வேண்டும். ஐந்தானால் பட்டறையாள் அவருக்கு நெல் அளக்க மாட்டாள். வேட்டையில் சூடு ஏறாது. சூடு தானாக இறங்குவதும் இல்லை. கொல்லப்பட்டவரின் குடியைச் சேர்ந்த ஒருவர், தம் கையால் அவர் தலையில் ஒரு குடம் நீர் ஊற்றினால்தான் ஒன்று குறையும்.

கடைசி விதியைத்தான் ஆடுபவர்கள் முதலில் எதிர்ப்பார்கள். பூசை செய்தோ மருந்து குடித்தோ இறக்க வழியில்லையா என்று கேட்பார்கள். இல்லை என்று உறுதியாக நிற்குமாறு விளையாட்டை நடத்துபவரைக் கேட்டுக்கொள்கிறேன். வென்றவன் தோற்றவனின் கரைக்கு ஆயுதமின்றிப் போய், தான் கொன்றவனின் அக்காவின் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். அவள் நீர் ஊற்றலாம், மறுக்கலாம், விலை கேட்கலாம். சூடு மிகுந்த வீரன் களத்தில் அஞ்சத்தக்கவனாகவும் வீட்டில் எதற்கும் உதவாதவனாகவும் ஆவதால், வலிமை வேண்டுமா வாழ்வு வேண்டுமா என்ற தேர்வு ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் எழுகிறது. யாரென்று தெரியாத ஒரு வழிப்போக்கனைக் கொன்றவனுக்கு நீர் ஊற்ற யாரைத் தேடுவது என்பது தனிக் கதை.

குடிகளுக்கிடையே வழக்கு முற்றியபோது எல்லா வேளையும் படை திரள்வதில்லை. கிழக்கின் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரு பக்கமும் கூடி இழுப்பார்கள். ஒன்று முறியும் வரை இழுவை தொடரும். நெடுங்கழியில் இதுவே வழக்குத் தீர்க்கும் முறை. மரத்தைக் காட்டில் தேடுவது, கொம்பைச் செதுக்குவது, எதிர்ப்பக்கத்தார் அதில் கத்தி வைத்துவிடாமல் இரவில் காவலிருப்பது என எல்லாவற்றுக்கும் தனித்தனி உருட்டல்கள் உண்டு. இழுவையின் போது மட்டும் இரு தரப்பிலும் உள்ள அனைவரின் சூடும் மொத்தமாகக் கூட்டப்பட்டு அவரவர் பக்கத்து எண்ணிலிருந்து கழிக்கப்படும். கொலைகாரர் மலிந்த பக்கம் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு விதியைத் தயக்கத்தோடுதான் எழுதினேன், எழுதிய பின் நீக்க மனம் வரவில்லை. போருக்குப் போனவன் இறந்தான் என்றும் தெரியாமல், இருக்கிறான் என்றும் தெரியாமல் போனால், அவனுடைய தோணியை யாருக்கும் கொடுப்பதில்லை. மாரிதோறும் அதற்குத் தார் பூசி நிழலில் வைப்பார்கள், அவன் பங்கு நெல்லைப் பட்டறையாள் தனியே அளந்து வைப்பாள். போர் பற்றி எழுதுகிற ஒருவர், காத்திருக்கும் வீடுகள் நிறைந்த மண்ணிலிருந்து எழுதும்போது, இதை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் எழுத முடியாது. மேசையில் இருப்பவர் எவருக்காவது இவ்விதி வலி தருமானால், எந்த விளக்கமும் கேட்காமல் அதை ஒதுக்கிவைக்க வேண்டும். அதற்கு விளையாட்டை நடத்துபவர் தொடக்கத்திலேயே இடம் கொடுக்க வேண்டும்.

பாத்திரத்தை அறிமுகம் செய்யும் முறையிலும் நமக்கு ஒரு செல்வம் கைவசம் இருக்கிறது. வடமோடிக் கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய தாளக்கட்டோடு கூத்து ஆடும் களமான களரிக்குள் வருகிறது. அரசனின் வரவு வேறு, தூதனின் வரவு வேறு. ஆடுபவர் தம் பாத்திரத்தின் எண்களை வாசிப்பதற்கு முன், தாம் யாருடைய மருமகன், யாருடைய வீட்டில் உறங்குகிறவன், எவ்வளவு சூட்டோடு வந்திருக்கிறான் என்று நாலு வரியில் தம் வரவைச் சொல்லட்டும். பாடத் தெரிந்தவர் பாடலாம்.

முதல் ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்கும் தொடக்க நிலை இது. மார்கழி நடு இரவில், ஐந்து பட்டறையாள்களின் இசைவு இல்லாமல், யாரோ முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். அந்திக்கரை வயல்கள் தப்பின, உதயக்கரையின் இறால் கடலோடு போயிற்று. வெட்டிய இடத்தில் கிடந்த மண்வெட்டி ஆலாக் குடியினது. அதற்கு அருகே இறந்து கிடந்த காவலாள் தில்லைக் குடியைச் சேர்ந்தவன், அவன் கண்கள் வெந்திருக்கின்றன. அந்த வாரமே, ஆலாக் குடியில் பிறந்து தில்லைக் குடியில் மணந்த ஒருவன் வீட்டுக்குள் வராமல் முற்றத்தில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கியிருக்கிறான். அவனுடைய மகனும், மனைவியின் தமையனும், பட்டறைச் சாவி வைத்திருக்கும் மாமியாரும், வழக்கை விசாரிக்க வந்த சங்கக் குடிக் கிழவியுமே ஆடுபவர்கள் ஏற்கும் பாத்திரங்கள். அறுவடைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.